பிரேக் டீச்சர் பண்ணைக்குப் போன கதை

எங்கள் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் கற்றுக்கொண்டவர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். படிக்கிறவர் சொதப்பினால் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். அந்தப் பிரேக்கை இவரைப் போலச் சரியான நேரத்தில் மிதிக்க ஊரில் வேறு ஆள் கிடையாது என்று பேர். அதனால் பிரேக் டீச்சர் ஆகிவிட்டார். கடைத்தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்; திரும்பிப் பார்ப்பார்.

ஒல்லியான ஆள், கழுத்தோடு வெட்டிய முடி. குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. "கண்ணாடியப் பாருங்க." "இப்ப கியர மாத்துங்க." "அவரு போகட்டும், நமக்கென்ன அவசரம்." எதிரே லாரி வந்தாலும் வெறும் ரோடாக இருந்தாலும் ஒரே குரல்தான். ஆனால் தொழில் காலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் போனால் டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்னால் இவர் கால் தரையை அழுத்தும். டி.வி.யில் கார் துரத்துகிற காட்சி வந்தால் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் விரிப்பு கசங்கிப்போகும். கணவர் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. திருகுகள், ஊசிகள், எண்ணெய் வாசனை. "உன்ன ஒரு மெஷின் முன்னாடி உக்கார வெச்சா நாள் முழுக்கத் தைக்கலாம்" என்று ஒருமுறை சொன்னாராம். அந்த வருஷம் அவர் பேசியதில் நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஊரைத் தாண்டியதும் ஒரு குறுகலான சாலை பிரியும். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பெரிய மாட்டுப் பண்ணை. பால் லாரியைத் தவிர அதிகம் வண்டி வராது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களை அங்கேதான் கூட்டிப் போவார்கள். குளிர்காலம் பாதி போயிருந்த சமயம், ஒரு காலை வேளையில், டீச்சர் அந்தச் சாலையில் ஒரு பல் டாக்டருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் நாற்பதைத் தாண்டியவர். "பயப்படாதீங்க, ஒண்ணும் தெரியாது" என்று ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லி ஊசி போடுகிறவர். ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் அவருக்குக் கை வழுக்குகிற அளவுக்கு வேர்த்துவிடும்.

காட்டிலிருந்து ஒரு மான் பாய்ந்தது. டீச்சர் பார்த்துவிட்டார், மிதித்தும்விட்டார். அதே நொடியில் டாக்டர் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துவிட்டார். ஈர இலைகளின் மேல் வண்டி சோப்பு மாதிரி வழுக்கிச் சுழன்று, டீச்சர் பக்கத்துக் கதவோடு ஒரு மரத்தில் போய் மோதியது. மான் பண்ணைக்குள் குதித்து ஓடியே போய்விட்டது. டாக்டருக்கு நாக்கில் ஒரு கடி. சில நாள் அவரால் பேச முடியவில்லை. வைத்தியம் முன்னைவிட நிம்மதியாக இருந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். டீச்சருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. கால்தான் கெட்டுப்போனது. காலில் அடி ஏதும் இல்லை. ஆனால் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, ரோட்டில் ஒரு காகிதம் பறந்ததற்கு மிதித்தார். தூரத்தில் ஒரு சைக்கிள் திரும்பியதற்கு மிதித்தார். ஒன்றுமே இல்லாததற்கும் மிதித்தார். வண்டி ஓட்டிய பெண் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கடைசியில் அழுதுவிட்டாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?"

"நீ ஒண்ணும் பண்ணலம்மா."

சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷன், சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் மேஜையில் இருந்த பேனாவை நாலு இடம் மாற்றி வைத்தார். "கொஞ்ச நாள் வீட்ல இருங்க டீச்சர். எப்ப சரின்னு படுதோ அப்ப வாங்க" என்றார்.

டீச்சர் வீட்டில் இருந்தார். பட்டறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பத்தில் இண்டிகேட்டர் போடாமல் போகிறவர்களை எல்லாம் பேர் சொல்லி முணுமுணுத்தார். அவர்களும் அவரிடம் படித்தவர்கள்தானே. பிறகு அதுவும் குறைந்தது. சாப்பாட்டை ஆற வைத்துவிட்டுச் சாப்பிட்டார். பகலில் தூங்கினார். கணவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்ப்பார், மறுபடி குனிந்துகொள்வார். கேட்க அவருக்குத் தெரியவில்லை. சொல்ல இவருக்கும் தெரியவில்லை.

அடுத்த தெருவில் டீச்சரின் அக்கா இருந்தார். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், கணவர் காலமாகிவிட்டார். வார்டில் முப்பது கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி பேசிப் பழகியதால் வீட்டிலும் அப்படியே பேசுவார். இளவேனில் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார்.

"கிளம்புடி. பண்ணையச் சுத்திக் காட்றாங்களாம். இந்த சீசன்ல வாராவாரம் கூட்டிட்டுப் போறாங்க."

"எந்தப் பண்ணை?"

"எத்தன பண்ணை இருக்கு? அதேதான்."

"நடக்கறதுக்கு எதுக்குக்கா பண்ணை? ரோடு இல்லையா?"

"ரோட்டப் பாத்துப் பாத்துத்தான் நீ இப்படி ஆயிட்ட. எழுந்திரு."

"என்கிட்ட பூட்ஸ் இல்ல."

"மாமாவோடது இருக்கு. கொண்டாந்திருக்கேன்."

மாமாவுக்கு யானை மாதிரி பெரிய பாதம். அக்கா அதற்கும் வழி வைத்திருந்தார். மூன்று ஜோடி சாக்ஸ். டீச்சர் எதிர்த்துப் பேசிக் களைப்பதைவிடப் போய்விட்டு வருவது சுலபம் என்று முடிவு செய்து எழுந்தார். கணவர் பட்டறையிலிருந்து ஒரு தலையசைப்புக் கொடுத்தார்.

பண்ணை வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். குழந்தைகளோடு ஒரு குடும்பம், கைகோத்து நின்ற ஒரு புது ஜோடி, கழுத்தில் பைனாகுலர் தொங்கவிட்ட ஒரு ரிட்டயர்டு ஆள். பண்ணைக்காரம்மா ரப்பர் பூட்ஸோடு வந்தார். திடமான உடம்பு, வெயிலில் சிவந்த முகம். மாட்டிடம் பேசுகிற மாதிரியே மனுஷரிடமும் பேசினார்: நிதானமாக, பதிலை எதிர்பார்க்காமல்.

"கதவத் தொறந்தவங்க மூடணும். மாட்டுக்குப் பின்னாடி நிக்கக் கூடாது. பூ பறிச்சுக்கலாம். பறவைக் கூட்ட மட்டும் தொடாதீங்க. அவ்வளவுதான் சட்டம்."

நடந்தார்கள். தரை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. வேலியோரத்துப் பேரி மரங்கள் இலை விடுவதற்கு முன்பே வெள்ளையாகப் பூத்திருந்தன. தேனீக்களின் சத்தம் மரத்துக்குள்ளிருந்து ஒரு மோட்டார் மாதிரி வந்தது. புல்லில் மஞ்சள் பூக்கள். அக்கா எல்லாவற்றையும் பார்த்து எல்லோரிடமும் பேசிக்கொண்டு வந்தார். டீச்சர் பெரிய பூட்ஸுக்குள் தன் காலைத் தேடிக்கொண்டு கடைசியில் வந்தார்.

உழுத நிலத்தை ஒட்டிப் போனபோது நின்றார்.

"அங்க ஒண்ணு இருக்கு" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். மண்ணாங்கட்டிகள்தான் தெரிந்தன. பைனாகுலர்காரர் பைனாகுலரைத் தூக்கினார். "எங்கம்மா?" என்று கேட்டார் பண்ணைக்காரம்மா.

"அந்த ரெண்டாவது உழவுச் சாலுக்கு அந்தப் பக்கம். ஒரு கட்டிக்கு மட்டும் காது இருக்கு."

காட்டு முயல். காதுகளை முதுகோடு படிய வைத்துத் தரையோடு தரையாகக் கிடந்தது. டீச்சரின் கண் அப்படித்தான் பழகியிருந்தது. எதிரே இருப்பதைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார், ஓரத்தில் இருப்பதைத்தான் இவர் பார்க்க வேண்டும். எல்லோரும் கண்டுபிடித்து முடிக்கிறவரை அது பொறுத்துக்கொண்டிருந்தது. பிறகு கிளம்பிற்று. நேராக ஓடாமல் வெட்டி வெட்டி ஓடியது. டீச்சரின் கால் தரையை ஒருமுறை அழுத்தியது.

"நல்ல கண்ணு உங்களுக்கு" என்றார் பண்ணைக்காரம்மா.

வானம்பாடி விஷயத்தில் அந்தக் கண் உதவவில்லை. பாட்டு மேலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது, பறவையைக் காணோம். அண்ணாந்தால் தோள்பட்டை வலித்தது. அக்கா அதற்கும் ஒரு வழி கண்டார்; ஈரப் புல்லில் அப்படியே மல்லாந்து படுத்தார். "இப்பத் தெரியுது பாரு. மேகத்துக்குக் கீழ ஒரு புள்ளி. சிறகடிச்சுக்கிட்டு அதே எடத்துல நிக்குது. வாடி, படு." டீச்சர் படுக்கவில்லை. பைனாகுலர்காரர் படுத்தார்.

பிறகு கொட்டகைக்குக் கூட்டிப் போனார்கள். அன்றைக்கு அங்கே விசேஷம் ஒன்று இருந்தது. குளிர்காலம் முழுக்க மாடுகள் கொட்டகைக்குள்ளேயே கிடக்கும். புல் வளர்ந்து நிலம் தாங்குகிற அளவுக்குக் காய்ந்ததும் ஒரு நாள் கதவைத் திறந்துவிடுவார்கள். அந்த நாள் அது. எல்லோரையும் மேய்ச்சல் நிலத்தின் கம்பி வேலிக்கு வெளியே வரிசையாக நிற்கச் சொன்னார்கள். பண்ணைக்காரர், இந்தம்மாவின் கணவர், கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கிழட்டுப் பசு ஒன்று வாசலில் வந்து நின்று மூக்கை நீட்டியது. பின்னால் மற்றவை முட்டிக்கொண்டு நின்றன. கிழடு ஒரு காலை வெளியே வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு யாரோ பின்னால் சுட்டுவிட்ட மாதிரி ஒரே பாய்ச்சல். அடுத்தது, அதற்கடுத்தது. கொழுத்த, நடக்கவே அலுத்துக்கொள்கிற பசுக்கள் நாலு காலும் தரையில் இல்லாமல் எம்பின. மடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிக்க ஓடின, வாலைக் கொம்பு மாதிரி தூக்கிக்கொண்டு பின்னங்காலை உதைத்தன, முட்டி போட்டுப் புல்லில் முகத்தைத் தேய்த்தன. தரை அதிர்வது காலில் தெரிந்தது. ஒரு செவலை வேலியை நோக்கி நேராக வந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள்.

டீச்சர் பின்வாங்கவில்லை; மிதித்தார். பூட்ஸ் கணுக்கால் வரை வேலியோரச் சேற்றில் இறங்கியது. செவலை வேலிக்கு ஒரு முழம் முன்னால் தானாகவே திரும்பிப் போயிற்று. காலை எடுத்தபோது கால் மட்டும் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

அக்கா வந்து தோளைக் கொடுத்தார். டீச்சர் ஒற்றைக் காலில், மூன்று சாக்ஸ் போட்ட காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை ஒன்றன் குறுக்கே ஒன்றாக ஓடின, நின்றன, திரும்பின. அவருடைய கால் காற்றில் சும்மா தொங்கியது.

"யாரும் யாரையும் இடிக்கல பாத்தியா" என்றார் அக்காவிடம்.

"நீ சிரிக்கிறியா, அழறியா?"

"பூட்ஸ எடுத்துக் குடுக்கா."

கடைசியாகக் குளம். பண்ணையின் ஓரத்தில், சாலைக்குச் சமீபத்தில் இருந்தது. பண்ணைக்காரம்மா குனிந்து தண்ணீருக்குள் ஒரு செடியின் தண்டை விலக்கிக் காட்டினார். தண்டைச் சுற்றிக் கண்ணாடி நூல் போல ஏதோ சுற்றியிருந்தது. அதற்குள் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக. தேரை முட்டை என்றார். தவளை முட்டை மொத்தையாகக் கிடக்குமாம். தேரை இப்படி நூலாக இடுமாம். பக்கத்திலேயே ஒரு பெரிய தேரை முதுகில் ஒரு சின்னத் தேரையைச் சுமந்துகொண்டு இருந்தது.

"அது குட்டியா?" என்று கேட்டார் அக்கா.

"புருஷன். காட்டுலேருந்து வர்ற வழியிலயே ஏறிக்கும். குளம் வர வரைக்கும் எறங்காது."

"லைசென்ஸ் இல்லாத பார்ட்டி போல."

"காட்டுலேருந்தா வருது?" என்று கேட்டார் டீச்சர்.

"ஆமா. குளிர் பூரா அங்க மண்ணுக்குள்ள கெடக்கும். வெதுவெதுன்னு ஒரு மழை பெஞ்சா கிளம்பிடும். எந்தக் குளத்துல பொறந்துதோ அதே குளத்துக்கு வரும். இன்னும் ரெண்டு மூணு மழைக்கு வந்துட்டே இருக்கும்."

"அப்ப ரோட்டத் தாண்டித்தானே வரணும்?"

"தாண்டித்தான். சாயங்காலத்துல வரும். தாண்டினது வரும், மத்தது டயர்ல போகும்." அவர் அதை மாட்டுத் தீவனம் தீர்ந்துவிட்டது என்பது போலச் சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் டீச்சர் ரோட்டில் கிடந்த இலைகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "மழை நாள்ல அந்த ரோட்டுல கெடக்கறத நான் இலைன்னே நெனச்சுட்டேன்" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவதற்கு முன்பே டீச்சர் வாசலில் நின்றார். தன் அளவுக்கு ஒரு பூட்ஸ் வாங்கியிருந்தார். அந்த வாரம் வானம்பாடியைப் பார்க்கப் புல்லில் படுத்தார். கொட்டகை உத்தரத்தில் போன வருஷத்துக் கூட்டுக்குள் தகைவிலான் குருவிகள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன. உழுத நிலத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவி இவர்களைப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டியது. "நம்ம அக்கா மாதிரியே இருக்கு" என்று டீச்சர் பண்ணைக்காரம்மாவின் காதில் சொன்னார். பண்ணைக்காரம்மா முதல் முறையாகச் சிரித்தார்.

அந்த வாரமே மழை வந்தது. மத்தியானம் முழுக்கப் புழுக்கமாக இருந்து, நாலு மணிக்கு மேல் மெல்லிசாகப் பிடித்துக்கொண்டது. டீச்சர் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தார். பாத்திரம் கழுவும் கையுறையை எடுத்துக்கொண்டார். ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டார்.

"எங்க?" என்றார் கணவர்.

"பண்ணை ரோட்டுக்கு."

"நடந்தா?"

"நடந்துதான்."

அவர் எழுந்தார். மெஷினுக்குள் பார்ப்பதற்கு வைத்திருந்த கைவிளக்கை எடுத்துத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

டீச்சர் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சாலையோரத்து இலைகளில் ஒன்று நகர்ந்தது. அதற்குப் பிறகு பார்த்த இடமெல்லாம் நகர்ந்தது. காட்டுப் பக்கமிருந்து தேரைகள் வந்துகொண்டிருந்தன. குதிக்கவில்லை; நடந்தன. ரெண்டடி வைத்து, நின்று, எதையோ மறந்துவிட்ட மாதிரி யோசித்து, மறுபடி ரெண்டடி. நடுச் சாலைக்கு வந்ததும், தார் கதகதப்பாக இருந்ததாலோ என்னவோ, சில அங்கேயே உட்கார்ந்துவிட்டன. நசுங்கியவையும் கிடந்தன. அவற்றையும் டீச்சர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

முதல் தேரையைத் தொடுவதற்குத்தான் நேரம் பிடித்தது. கையுறைக்குள்ளேயும் அதன் குளிர்ச்சி தெரிந்தது. தேரையின் வயிறு மட்டும் சின்னதாகத் துடித்தது. வாளியில் போட்டார். அடுத்ததைப் போட்டார். நிறைந்ததும் வேலியைத் தாண்டிக் கொண்டுபோய்க் குளத்தங்கரையில் சாய்த்தார். திரும்பி வந்தபோது தூரத்தில் கார் விளக்கு தெரிந்தது.

நடுரோட்டுக்கு வந்து நின்று, விளக்கைத் தரையில் காட்டி, மறு கையைத் தூக்கினார். கார் வேகம் குறைந்து, இன்னும் குறைந்து, குலுங்காமல் நின்றது. அதன் தலையில் டிரைவிங் ஸ்கூல் பலகை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டர். பக்கத்தில் முதலாளி, டீச்சர் இல்லாததால் தானே கற்றுக்கொடுக்க வந்தவர், அப்போதுதான் போனிலிருந்து நிமிர்ந்தார்.

முதலாளி பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. "டீச்சரா? என்ன இது, நடுரோட்டுல?"

"கொஞ்ச நேரம். இவங்க போகட்டும்."

"எவங்க?"

டீச்சர் விளக்கைச் சாய்த்தார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தேரை, பல்லி எதுவும் அவருக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கையுறை இல்லாமலேயே ஒரு தேரையை இடுப்பில் பிடித்துத் தூக்கினார். விரல்கள் துளியும் நடுங்கவில்லை.

"வாயத் தெறக்கச் சொல்லிடாதீங்க" என்றார் டீச்சர்.

டாக்டர் அதை வாளியில் வைத்தார். "டீச்சர், நான் சரியா நிறுத்தினேனா?"

"பின்கண்ணாடி பாத்தீங்களா?"

"பாக்கல."

"அடுத்த தடவ பாத்துட்டு நிறுத்துங்க. மத்தபடி சரிதான்."

டாக்டர் நனைந்த கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு நான் ஸ்டியரிங்க ஒடிச்சிருக்கக் கூடாது. உங்கள வந்து பாக்கணும்னு நெனச்சேன். எந்த மொகத்தோட வர்றதுன்னு தெரியல."

"மான் குறுக்க வந்தா யாருக்குக் கை நிக்கும்? அந்தா, உங்க கால்கிட்ட ஒண்ணு. நகராதீங்க."

இருவரும் பொறுக்கினார்கள். முதலாளி காருக்குள்ளிருந்து, "அங்க ஒண்ணு, அந்த ஓரத்துல" என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். பால் லாரி வந்தது. டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"தவளைக்கெல்லாமா ரோட்ட மறிப்பீங்க?"

"தவளை இல்ல, தேரை" என்றார் டீச்சர்.

டிரைவர் விளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்படியா. அப்ப சரி" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறி எஞ்சினை அணைத்தார். தவளையாக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று டாக்டர் வெகுநாள் யோசித்ததாகச் சொல்வார்.

அந்த வசந்தம் முடிகிறவரை மழை பெய்த சாயங்காலங்களில் டீச்சர் அங்கே இருந்தார். அக்கா குடை பிடித்துக்கொண்டு வந்தார். வாளியை விடப் பேச்சுதான் அதிகம் நிறைந்தது. பண்ணைக்காரம்மா தன் பங்குக்கு இரண்டு வாளி கொடுத்தார். மழைச் சாயங்காலங்களில் அந்தச் சாலைக்கு வகுப்பு கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். சாலை அலுவலகத்துக்குப் பண்ணைக்காரம்மா நடையாக நடந்து ஒரு எச்சரிக்கைப் பலகை வைக்கச் செய்தார். அதில் வரைந்திருந்தது தவளை. டீச்சர் அதைச் சுட்டிக் காட்டினார். மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். தவளை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. மக்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அதற்கு அது போதும்.

கோடையில் டீச்சர் வேலைக்குத் திரும்பினார். முதல் வகுப்பு தனக்குத்தான் வேண்டும் என்று டாக்டர் அடம் பிடித்தார். கால் ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. முதல் வாரத்தில் ஒரு நாய்க்கு, ஒரு நிழலுக்கு, இன்னொரு முறை தெரியாத எதற்கோ மிதித்தார். டாக்டர் அழவில்லை. "நீங்க மிதிக்கறப்ப நான் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கறேன்" என்றார். அப்புறம் அது குறைந்துகொண்டே போய், எப்போது நின்றது என்று யாரும் கவனிக்காமல் நின்றது. டாக்டர் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை லைசென்ஸ் வாங்கினார். இப்போதும் அவர் பின்னால் போகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

நான் அவரிடம் கற்றுக்கொண்டது அதற்கும் பிறகு. "கண்ணாடியப் பாருங்க. கியர மாத்துங்க. வலது பக்கம் வேலிமேல ஒரு பருந்து ஒக்காந்திருக்கு, நீங்க பாக்காதீங்க" என்பார். பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா. அதனாலேயே எனக்கு லைசென்ஸ் தாமதமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வகுப்பு எடுப்பதில்லை. பண்ணைக்காரம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டதால், வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுகிற வேலையில் பாதியை இவர்தான் பார்த்தார்.

கணவர் பண்ணைக்கு வந்தது மூன்றாவது வருஷம். யாரும் கூப்பிடவில்லை, பட்டறையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார். கூட்டத்தோடு நடந்தார், எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு கொட்டகைக்குள் நின்று உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தகைவிலான் ஒன்று புதுக் கூட்டின் விளிம்பில் ஒரு சின்ன உருண்டை மண்ணை வைத்து அலகால் அழுத்திவிட்டுப் பறந்தது.

"மண்ணு எங்கேருந்து எடுக்குது?" என்றார்.

டீச்சர் அவரைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். மாடுகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி வழிந்து அங்கே ஒரு சின்னக் குட்டை தேங்கியிருந்தது. குருவிகள் அதன் கரையில் இறங்கி, சிறகைத் தூக்கி நனையாமல் பிடித்துக்கொண்டு, ஒரு வாய் சேற்றை அள்ளிக்கொண்டு போயின. ஒன்று போனால் ஒன்று வந்தது. கணவர் பக்கத்தில் கிடந்த ஒரு கவிழ்த்த வாளியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மழை வர மாதிரி இருக்கே" என்றார் டீச்சர்.

"நீ வேணா போ. நான் அப்புறம் வரேன்."

டீச்சர் போகவில்லை. இன்னொரு வாளி இருக்கிறதா என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.